மட்டாஞ்சேரியிலிருந்து சென்னை எத்தனை நாழிகை?

"கொச்சியிலிருந்து சென்னைக்கு ஆகாய மார்க்கமாக எவ்வளவு தூரம்? பிரயாணத்திற்கு எத்தனை நேரம் பிடிக்கும்?" நம் அன்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விடை கூறுவது எளிது. நெடும்பாச்சேரி விமான நிலையத்திற்கும் சென்னை மீனம்பாக்கத்திற்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 517 கிலோமீட்டர். விமானக் கம்பெனிகளின் கால அட்டவணையில் இதற்கு ஏறக்குறைய ஒன்றே கால் மணி நேரம் குறித்திருப்பார்கள். நம் பாட்டனார் கணக்கில் சொல்வதானால் மூன்று நாழிகை. உலை வைத்துச் சோறு வடித்துக் குழம்பை இறக்குவதற்குள் சென்னை போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தோன்றும்.

ஆயின் இவ்விடை யாருக்குப் பொருந்தும்? நெடும்பாச்சேரி ஓடுபாதை ஓரத்தில் வீடும், மீனம்பாக்கம் ஓடுபாதை ஓரத்தில் உறவும் உள்ளவருக்குப் பொருந்தும். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகு, சுக்கு மூட்டைகளுக்கிடையே பிழைப்பு நடத்துபவருக்கும், ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள தோபிகானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் நம் குடும்பங்களுக்கும் பொருந்துமா? ஒரு முறை கணக்கிட்டுப் பார்த்துவிடுவோம்.

மட்டாஞ்சேரியிலிருந்து நெடும்பாச்சேரி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். தோப்பும்படி, குண்டனூர், வைற்றிலா, இடப்பள்ளி, களமசேரி, ஆலுவா என்று நகரத்தின் நெரிசல் முழுவதையும் கடந்துதான் அங்கே போக வேண்டும். பகல் வேளையில் ஒன்றே முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். விமானம் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். பிறகு பிரயாணம் ஒன்றே கால் மணி. இறங்கி, பெட்டி சுழன்று வரும்வரை காத்து நின்று, வெளியே வர அரை மணி. அங்கிருந்து மாம்பலத்திற்கோ மயிலாப்பூருக்கோ போய்ச் சேர முக்கால் மணி. ஆக மொத்தம் ஆறே கால் மணி நேரம். அதாவது பதினைந்தரை நாழிகைக்கும் மேல். இதில் விமானத்தினுள் நாம் இருப்பது ஐந்தில் ஒரு பங்கு மாத்திரமே. மற்ற நான்கு பங்கும் தரையில் கழிகிறது. தூரத்தைக் கேட்பவருக்கு ஆகாயத்தின் கணக்கைச் சொல்லிவிட்டுத் தரையின் கணக்கை மறைத்துவிடுவது உலக வழக்காகிவிட்டது.

இந்தத் தரைக் கணக்கு மட்டாஞ்சேரிக்கு எப்போதும் இத்தனை பெரிதாக இருந்ததில்லை. 1920ல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற இஞ்சினீயர் துறைமுக முகத்துவாரத்து மணல் திட்டைத் தோண்டிக் கப்பல் வழி அமைத்தார். 1928ல் பெரிய கப்பல் உள் துறைமுகத்தில் நுழைந்தது. காயலிலிருந்து தூர்வாரிய மண்ணைக் கொட்டி உயர்த்திய நிலமே வில்லிங்டன் தீவு. அத்தீவில் கப்பல் துறை அமைந்தது. கொச்சித் துறைமுக ரயில் நிலையம் அமைந்தது. விமானத் திடலும் அமைந்தது. கப்பல், ரயில், விமானம் ஆகிய மூன்றும் ஒரே தீவில், மட்டாஞ்சேரிப் படகுத் துறையிலிருந்து ஏறக்குறையக் கூப்பிடு தூரத்தில்! யுத்த காலத்தில் கடற்படையின் கைக்குப் போன அத்திடலில், சுதந்திரத்திற்குப் பின்னர் பொதுமக்களின் விமானங்களும் இறங்கி ஏறின. கடற்படைத் தளம் ஐ.என்.எஸ். கருடா என்ற பெயரில் 1953ல் அமைந்தது. அதே ஆண்டில்தான் எட்டுத் தனியார் கம்பெனிகளை ஒன்றாக இணைத்து இந்தியன் ஏர்லைன்ஸ் உருவாயிற்று.

அக்காலத்தில் அந்த நிறுவனத்திடம் இருந்தவற்றில் பெரும்பாலானவை டகோட்டா விமானங்கள். இரண்டு விசிறிகள் பூட்டிய அந்த விமானம் மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். இன்றைய ஜெட் விமானத்தின் வேகத்தில் இது மூன்றில் ஒரு பங்குதான். வில்லிங்டன் தீவிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 542 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காமல் பறந்தால் டகோட்டாவுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். தோப்பும்படிப் பாலம் கடந்து தீவை அடைய அரை மணி. சோதனை வரிசைகள் இல்லாத அந்நாளில் திடலில் காத்திருக்க முக்கால் மணி. சென்னையில் இறங்கி வீடு சேர ஒரு மணி. கூட்டிப் பாருங்கள்: நாலே கால் மணி. மூன்று மடங்கு வேகமான விமானத்தில் ஏறுகின்ற நாம், அதே வீட்டிலிருந்து அதே ஊருக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேருகிறோம்!

1999ஆம் ஆண்டில் நேர்ந்த மாற்றமே இதற்குப் பெரிய காரணம். அவ்வாண்டு மே 25ஆம் தேதி குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் நெடும்பாச்சேரி விமான நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூன் 10ஆம் தேதி முதல் விமானப் போக்குவரத்து தீவை விட்டு அங்கே மாறிற்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆகாயக் கணக்குப்படி புதிய நிலையம் சென்னைக்குச் சுமார் 25 கிலோமீட்டர் அருகில் உள்ளது. ஜெட் விமானத்திற்கு அது இரண்டு நிமிஷத்துக் காரியம். அந்த இரண்டு நிமிஷ லாபத்திற்காக மட்டாஞ்சேரிக்காரர் தரையில் ஒன்றே கால் மணி நேரத்தைக் கூடுதலாகச் செலுத்துகிறார். 1999ல் சென்னை நமக்குத் தூரமாகிவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

இதற்காக நெடும்பாச்சேரியைக் குறை கூறுவது நியாயமன்று. தீவின் திடலைச் சுற்றிலும் காயல், நீட்டிக்க இடமில்லை, கடற்படையின் தேவையோ முதன்மையானது. பெரிய விமானங்கள் அங்கே இறங்க வழியில்லை. புதிய நிலையத்தின் ஓடுபாதை 3,400 மீட்டர் நீளமுள்ளது. அரசாங்கம் தனியாக நின்று கட்டாமல், வெளிநாடுகளில் உழைத்த ஏறத்தாழ 10,000 இந்தியரின் பணத்தையும் பங்காகத் திரட்டிக் கட்டிய நிலையம் அது; இந்தியாவில் அம்முறையில் எழுந்தவற்றுள் அதுவே முதலாவது. 2015 ஆகஸ்டு முதல் தனக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் சூரிய ஒளியிலிருந்தே எடுத்துக்கொள்ளும் பெருமையும் அதற்கு உண்டு.

மேலும், சென்னை தூரமான அதே நாளில் துபாய் அருகில் வந்துவிட்டது. அதற்கு முன் நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குச் செல்ல வேண்டுமாயின் திருவனந்தபுரத்திற்கோ பம்பாய்க்கோ போய்த்தான் பெரும்பாலும் விமானம் ஏறினார்கள். வழியனுப்பும் கூட்டம் வண்டி பிடித்து இரவு முழுவதும் தெற்கே ஓடிய கதைகளை மூத்தோர் அறிவார்கள். இப்போது நெடும்பாச்சேரியிலிருந்து துபாய் சுமார் 2,780 கிலோமீட்டர். நான்கு மணி நேரப் பிரயாணம்.

வளைகுடா டிக்கெட்டைப் பார்த்துக் குழப்பமடைவோர் பலர். கொச்சியில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு, துபாயில் பகல் 12.30 மணிக்குச் சேரும் என்று டிக்கெட்டில் இருந்தால், பிரயாணம் இரண்டரை மணி நேரம் என்று எண்ணிவிடக் கூடாது. புறப்படும் நேரம் நம் கடிகாரப்படி; சேரும் நேரம் அவர்கள் கடிகாரப்படி. அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி பின்தங்கியது. ஆகவே உண்மையில் நான்கு மணி நேரம். திரும்பி வருகையில், துபாயில் காலை 10 மணிக்கு ஏறிக் கொச்சியில் பிற்பகல் 3 மணிக்கு இறங்கினால், ஐந்து மணி நேரமென்று தோன்றும்; உண்மையில் மூன்றரை மணிதான். போவதைவிட வருவது அரை மணி குறைவதற்குக் காரணம், உயரத்தில் மேற்கேயிருந்து வீசும் காற்று. குளிர்காலத்தில் அக்காற்று வலுவாக வீசும். பிள்ளை ஊர் திரும்பும்போது அது பின்னாலிருந்து தள்ளிவிடும்.

சென்னைப் பிரயாணத்தில் காற்றின் பங்கு சொற்பம். அங்கே எழும் கேள்வி வேறு. ஜெட் விமானம் மணிக்கு 830 கிலோமீட்டர் பறக்குமாயின், 517 கிலோமீட்டருக்கு 37 நிமிஷம் போதுமே. அட்டவணையில் ஒன்றே கால் மணி ஏன்? விமானத்தின் கதவு மூடியது முதல் மறுபடி திறப்பது வரை உள்ள நேரத்தைத்தான் அட்டவணை குறிக்கிறது. இயந்திரம் முடுக்கி, ஓடுபாதையின் முனைவரை ஊர்ந்து, முறை வரும்வரை நிற்பது முதற்செலவு. பிறகு உயரம் பிடிப்பதற்கு இருபது நிமிஷம் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். சென்னைக்கு 150, 200 கிலோமீட்டர் இருக்கும்போதே இறங்கத் தொடங்கியாக வேண்டும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இடையே முழு வேகத்தில் சமமாகப் பறக்கும் நேரம் மிகச் சிறிது. ஆகையால்தான் மணிக்கு 500 கிலோமீட்டர் மட்டுமே பறக்கும் ஏ.டி.ஆர். என்ற சிறு விசிறி விமானமும் இந்த மார்க்கத்தில் ஜெட்டுக்கு மிகவும் பின்தங்குவதில்லை. டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் அதில் ஏறலாம்.

சென்னையிலும் வரிசை உண்டு. அதுவும் போகிப் பண்டிகையன்று ஊர் போவோர் கவனமாக இருக்க வேண்டும். பழையன கழிக்கிறோம் என்று தெருவெங்கும் மூட்டும் புகை விடியற்காலைப் பனியுடன் சேர்ந்து ஓடுபாதையை மறைத்துவிடுகிறது. 2018 ஜனவரி 13ஆம் தேதி இவ்வாறு பல விமானங்கள் இறங்க இயலாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பின. பொங்கலுக்குப் போகிறவர்கள் அன்று அதிகாலை விமானத்தைத் தவிர்த்து, முதல் நாளோ அன்று பிற்பகலோ புறப்படுவது உசிதம்.

அதே 2018ஆம் ஆண்டில்தான் பழைய திடல் மீண்டும் கண் விழித்தது. ஆகஸ்டு வெள்ளத்தில் பெரியாறு பெருகி நெடும்பாச்சேரி நிலையத்தினுள் புகுந்தது. ஆகஸ்டு 15 முதல் 29 வரை அது மூடப்பட்டிருந்தது. அந்நாட்களில், ஆகஸ்டு 20ஆம் தேதி முதல், வில்லிங்டன் தீவின் கடற்படைத் திடலிலிருந்து சிறு விமானங்கள் பெங்களூருக்குப் பறந்தன. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு மட்டாஞ்சேரிக்காரருக்குப் பாலம் கடந்தவுடன் விமானம்! நாடே தண்ணீரில் தத்தளித்த வேளையில் அதை யாரும் சௌகரியம் என்று கொண்டாடியிருக்க முடியாது. எனினும், இழந்தது இன்னது என்பதை அந்த ஒன்பது நாட்கள் காட்டிவிட்டன. சென்னைக்கும் இதே அனுபவம் 2015 டிசம்பரில் நேர்ந்தது. அடையாற்று வெள்ளத்தால் மீனம்பாக்கம் மூடப்பட்டபோது, அரக்கோணத்தில் உள்ள கடற்படைத் தளம் ஐ.என்.எஸ். ராஜாளிதான் கை கொடுத்தது. இங்கே கருடன், அங்கே ராஜாளி. பெயரிட்டவர்கள் அறிந்தே இட்டார்கள் போலும்.

இதுவரை சென்னையைப் பற்றியே பேசினோம். ஆனால் மட்டாஞ்சேரித் தமிழரில் எத்தனை பேருக்குச் சென்னை சொந்த ஊர்? மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தோர் பலர். அவர்களிடம் விமான அட்டவணையை நீட்டுவது, பசித்தவனுக்குப் பஞ்சாங்கம் படிப்பது போன்றது.

மட்டாஞ்சேரியும் மதுரையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இங்கிருந்து நேர் கிழக்கே கோடு கிழித்தால் சுமார் 200 கிலோமீட்டரில் மதுரை. சென்னைத் தூரத்தில் பாதிகூட இல்லை. ஆயினும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. அதன் சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர் உயரம். நேர் விமானம் கிடைக்காத நாளில் சென்னை வழியாக மாறிப் போகிறவர், 517 கிலோமீட்டர் வடகிழக்கே பறந்து, பின்பு 416 கிலோமீட்டர் தெற்கே திரும்பிப் பறக்க வேண்டும். 200 கிலோமீட்டர் தூரத்து ஊருக்கு 930 கிலோமீட்டருக்கு மேல் ஆகாயப் பிரயாணம்! இடையில் காத்திருப்பு வேறு. இதைவிடக் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் மூணாறு, போடி வழியாகவோ, கோட்டயம், குமுளி, தேனி வழியாகவோ பேருந்திலோ காரிலோ போவதே மேல். ஏழெட்டு மணி நேரத்தில் மதுரை. மழைக்காலத்தில் மூணாறுப் பக்கம் மண் சரிவு உண்டாதலால், ஆனி, ஆடி மாதங்களில் குமுளி வழியே விசாரித்துப் புறப்படுதல் நலம்.

திருநெல்வேலிக்கோ நேர்கோட்டில் சுமார் 210 கிலோமீட்டர். 1904ல் கொல்லம்–செங்கோட்டை மலைப்பாதையில் மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கியது. அது அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2018ல் மீண்டும் திறக்கப்பட்ட பிறகு, பாலருவி எக்ஸ்பிரஸ் நமக்குக் கிடைத்தது. மாலையில் எர்ணாகுளம் டவுனில் ஏறினால் மறுநாள் விடியலில் திருநெல்வேலி. எந்த விமானமும் இதற்கு ஈடாகாது என்பது என் அபிப்பிராயம். கோயம்புத்தூர்க்காரருக்கும் இதே வார்த்தைதான்: பாலக்காட்டுக் கணவாய் வழியே ரயில் நான்கு மணி நேரத்திற்குள் கொண்டுபோய் விட்டுவிடுகிறது, நெடும்பாச்சேரிக்குப் போய்க் காத்திருப்பதற்குள் பாதி வழி போயிருக்கலாம்.

சென்னைக்கு ரயில் வழி சுமார் 700 கிலோமீட்டர். இரவு வண்டிகள் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கின்றன. 1902ல் கொச்சி அரசர் ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்திற்கு இருப்புப்பாதை போட்டபோது, திருப்பூணித்துறைக் கோயிலின் யானைகளுக்குரிய பொன் நெற்றிப்பட்டங்களை விற்றுப் பணம் திரட்டினார் என்பது பிரசித்தம். அதுவும் மீட்டர் கேஜ்தான். சென்னைப் பாதை அகலமாதலால், மூட்டை முடிச்சுடன் ஷொர்ணூரில் இறங்கி வேறு வண்டி ஏற வேண்டியிருந்தது. அந்தக் கஷ்டம் 1930களில் தீர்ந்தது. ஒரு காலத்தில் திருச்சிக்குச் செல்லும் டீ கார்டன் எக்ஸ்பிரஸ் வில்லிங்டன் தீவிலிருந்தே புறப்பட்டது. இன்று துறைமுக ரயில் நிலையத்தில் பயணி வண்டிகள் இல்லை. விமானமும் போயிற்று, ரயிலும் போயிற்று. மட்டாஞ்சேரி இரண்டையும் தேடி எர்ணாகுளம் கரைக்குப் போகிறது.

கல்யாணத்திற்கும் பொங்கலுக்கும் போகிறவர்கள் இந்தக் கணக்குகளை நிதானமாகப் பார்க்கலாம். நடு இரவில் தொலைபேசி ஒலித்து, "அப்பாவுக்கு ஆகிவிட்டது, புறப்பட்டு வா" என்று சொல்லும் வேளையில்தான் கணக்கு நெஞ்சை அறுக்கிறது. தலைமகன் வரும்வரை எடுக்காமல் காத்திருப்பார்கள். ஆனால் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்? அவசரத்தில் "விமானத்தில் வருகிறேன், மூன்று மணி நேரத்தில் இருப்பேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஊரார் வெயிலில் காத்துக் கிடக்க, மாலையில் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. ஆகவே சென்னையானால், விமானம் புறப்படும் நேரத்துடன் குறைந்தது இரண்டரை மணியைக் கூட்டிச் சொல்லுங்கள். அதுவே வீட்டு வாசலை மிதிக்கும் நேரம். செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பக்கமானால் இன்னும் இரண்டு மணி. கடைசி நேர டிக்கெட் விலை பன்மடங்கு ஏறியிருக்கும். நால்வரும் விமானத்தில் போக வேண்டுமென்பதில்லை. மகன் ஒருவன் விமானத்தில் முந்திச் செல்ல, மற்றவர்கள் அன்றைய ரயிலில் தட்காலில் இடம் பிடித்துப் பின்தொடர்ந்து பத்துக்கு ஊர் சேர்வது நம் குடும்பங்களில் கைகண்ட முறை. மதுரைக்கும் தெற்கேயும் ஆனால், விமானத்தைத் தேடி ஒரு மணி நேரத்தையும் வீணாக்காமல் உடனே காரில் ஏறிவிடுங்கள். இரவு 12 மணிக்குப் புறப்பட்டால் காலை 8 மணிக்கு மதுரை. விமானம் பிடித்து மாறிப் போகிறவர் அந்நேரத்தில் சென்னையில் அடுத்த விமானத்திற்குக் காத்திருப்பார்.

நெடும்பாச்சேரிக்குச் சாலை நெரிசலைத் தவிர்த்துப் போக இப்போது ஒரு வழி ஏற்பட்டிருக்கிறது. 2023ல் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோ, 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரித் துறைக்கும் வந்துவிட்டது. படகில் ஹைகோர்ட் துறைக்குப் போய், ஆட்டோவில் சிறிது தூரம் சென்று எம்.ஜி. ரோடு நிலையத்தில் மெட்ரோ ரயில் ஏறினால், முக்கால் மணிக்குள் ஆலுவா. அங்கிருந்து விமான நிலையத்திற்கு மின்சாரப் பேருந்து ஓடுகிறது. நேரம் காரைவிடப் பெரிதும் குறையாது, ஆனால் இடப்பள்ளிச் சந்தியில் சிக்கி விமானத்தைத் தவறவிடும் பயம் இல்லை, செலவும் சொற்பம். கனமான பெட்டிகள் உள்ளவர்களுக்கும், முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கும் இவ்வழி ஏற்றதன்று. சென்னையிலும் 2016 முதல் விமான நிலையத்திலிருந்தே மெட்ரோ ரயில் கிடைக்கிறது. இரவிலும் விடியற்காலையிலும் படகு இல்லை என்பதை மறக்க வேண்டாம். காலை ஆறு மணி விமானத்திற்குச் செல்பவர் மூன்று மணிக்குக் காரில் புறப்பட்டால், அந்நேரத்துச் சாலை வெறிச்சென்றிருக்கும். ஒரு மணி நேரத்திற்குள் நெடும்பாச்சேரி போய்விடலாம்.